செட்பர்: யார்க்‌ஷயரா, கம்ப்ரியாவா, வெஸ்ட்மர்லண்டா?

ஒரு வாசகரின் கேள்வி, 11 அக்டோபர் 2024

முல்தானில் 317 அடித்த இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஹாரி ப்ரூக்கைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். "கீத்லியில் பிறந்து செட்பர் பள்ளியில் படித்த அசல் யார்க்‌ஷயர்க்காரர்" என்று அதில் ஒரு வரி. உடனே ஒருவர் வந்து, செட்பர் யார்க்‌ஷயரில் இல்லை, கம்ப்ரியாவில் இருக்கிறது என்றார். மேப்பில் பார்த்தால் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. போஸ்ட்கோடு எல்ஏ என்று தொடங்குகிறது, அது லங்காஸ்டர். ஒரே ஊர் இத்தனை இடத்தில் எப்படி இருக்க முடியும்? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2024

இருந்திருக்கிறேன். 2011 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம், கடைத்தெருவுக்கு இரண்டு நிமிடம் தள்ளி ஒரு வாடகை வீட்டில்.

நீங்கள் சொன்ன எல்லாமே சரி. 1974 மார்ச் 31 வரை செட்பர் யார்க்‌ஷயர்தான், அதிலும் வெஸ்ட் ரைடிங் என்ற மேற்குப் பகுதி. அந்த நாள் வரை அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன உள்ளாட்சியும் இருந்தது. செட்பர் ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். மொத்தம் மூன்றே பரிஷ் (நம் கிராம ஊராட்சி மாதிரி): செட்பர், டென்ட், கார்ஸ்டேல். மறுநாள் ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம் (அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்), அந்த டிஸ்ட்ரிக்ட் காணாமல் போய், சவுத் லேக்லண்ட் என்ற பெரிய டிஸ்ட்ரிக்டுக்குள், கம்ப்ரியா என்ற புது கவுன்டிக்குள் போய்விட்டது. தேசியப் பூங்கா 1954லேயே வந்துவிட்டதால் அதை யாரும் தொடவில்லை. போஸ்ட்கோடு தபால்காரர்களின் வசதி, அதற்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தமில்லை.

என் கருத்தைக் கேட்டால், 1974இல் நடந்தது சுத்த அநியாயம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார்கள். யார்க்‌ஷயரின் வேர்ன்சைட் மலையையே தூக்கிக் கம்ப்ரியாவிடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம், ஊரின் பெயரைக் கடைசி எழுத்து வரை உச்சரிக்க வேண்டாம். 'செட்பர்'. பழைய ஆட்கள் வாயில் அது 'செபர்' என்றே வரும். 'தட்டையான தலையுள்ள குன்று' என்ற பொருளில் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த பெயர்.

12 அக்டோபர், இரவு

மேலே டிஸ்ட்ரிக்ட் டிஸ்ட்ரிக்ட் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. இதை 'மாவட்டம்' என்று படித்தால் எல்லாமே தப்பாகிவிடும். நாம் மாவட்டம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருவது கவுன்டி. ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்பது நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி, அதற்கும் கொஞ்சம் சிறியது. கலெக்டர், எஸ்பி எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். ஒரு கிளார்க், ஒரு சர்வேயர், ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர், மாதம் ஒரு தடவை மேசையைச் சுற்றி உட்காரும் விவசாயிகளும் கடைக்காரர்களும். அவ்வளவு என்று நினைத்துக்கொண்டால் போதும்.

14 அக்டோபர்

வேர்ன்சைட் விஷயத்தில் அளந்துவிட்டேன். முழு மலையும் போகவில்லை. 736 மீட்டர் உச்சியின் மேலேயே எல்லைக்கோடு ஓடுகிறது. மேற்குச் சரிவு டென்ட் பரிஷ், அதாவது கம்ப்ரியா. கிழக்குப் பக்கம் வட யார்க்‌ஷயர். 1974க்கு முன்னால் இரண்டு பக்கமும் வெஸ்ட் ரைடிங்தான், அதனால் உச்சியில் நிற்பவருக்கு இந்தக் கவலையே கிடையாது. யார்க்‌ஷயரின் 'மூன்று சிகரங்கள்' என்று ஒரே நாளில் ஏறி இறங்குகிறார்களே, அதில் மிக உயரமானது இதுதான். உச்சியில் ஒரு சுவர் இருக்கிறது. நான் போன அன்று காற்றுக்குப் பயந்து அதன் ஒரு பக்கமாகப் பதுங்கி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன். எந்தக் கவுன்டியில் தின்றேன் என்று இப்போது நினைவில்லை.

15 அக்டோபர்

"சவுத் ரைடிங் எங்கே?" என்று கேட்டிருந்தார் ஒருவர். கிடையாது. ரைடிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு. நார்த், ஈஸ்ட், வெஸ்ட். பங்கு தீர்ந்துவிட்டது.

19 அக்டோபர்

டென்ட் ஸ்டேஷன் கதையைச் சொல்லாமல் இந்த இழையை விட மனம் வரவில்லை.

செட்பருக்குக் குடிவந்த புதிதில், கார் வாங்குவதற்கு முன்னால், லீட்ஸில் இருந்த மாமாவைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பினேன். செட்டில்–கார்லைல் பாதை. 1876இல் பயணிகளுக்குத் திறந்தது, பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது டென்ட் என்று ஒரு ஸ்டேஷன் இருப்பதைப் பார்த்தேன். டென்ட்தான் பக்கத்து ஊராச்சே, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இறங்கினேன். என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. அதிலேயே புரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் மெயின்லைன் நிலையங்களிலேயே மிக உயரத்தில், 1,150 அடியில் இருக்கும் ஸ்டேஷன் அது. டென்ட் ஊர் அங்கிருந்து 4 மைலுக்கு மேல், அறுநூறு அடி கீழே. ஊரின் பெயரை வைத்துவிட்டு ஊரை வைக்க மறந்துவிட்டார்கள். செங்குத்தான சாலையில் மழையோடு இறங்கினேன், கால் முட்டி இரண்டும் நடுங்கின. முதலில் வந்தது டென்ட் இல்லை, கவ்கில் என்று நாலைந்து வீடும் ஒரு சின்ன தேவாலயமும். அதன் வாசல் மறைவில் பத்து நிமிடம் நின்றேன். அந்தத் தேவாலயத்துக்கு ஒரு பெரிய கதை இருப்பது அப்போது தெரியாது. பின்னால் சொல்கிறேன்.

டென்ட் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை மூடியிருந்தது. செட்பருக்கு இன்னும் ஐந்து மைல் பாக்கி. வழியில் ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பின்னால் இரண்டு நாய்கள், முன்னால் நான். "இந்த ஊர் யார்க்‌ஷயரா கம்ப்ரியாவா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆட்டுக்கு ஏலம் எங்கே நல்லா போகுதோ அங்கே."

20 அக்டோபர்

அந்த மனிதர் சொன்னதை நேற்று எழுதிய பிறகுதான் 12ஆம் தேதி நான் விட்ட சவடால் உறுத்த ஆரம்பித்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள் என்றேன் அல்லவா? ஆற்றைப் பாருங்கள்.

யார்க்‌ஷயர் டேல்ஸின் பேர்போன ஆறுகளான ஸ்வேல், யூர், வார்ஃப் எல்லாம் கிழக்கே போய் வட கடலில் சேர்பவை. செட்பரின் ஆறுகள் அப்படியில்லை. கார்ஸ்டேலிலிருந்து கிளஃப், டென்டிலிருந்து டீ, வடகிழக்கிலிருந்து ராதி. மூன்றும் ஊருக்குப் பக்கத்தில் ஒன்றாகி, லூன் ஆற்றில் விழுந்து, மேற்கே லங்காஸ்டர் வழியாக ஐரிஷ் கடலுக்குப் போகின்றன. மூன்று பரிஷ், மூன்று பள்ளத்தாக்கு. பெய்யும் மழை கிட்டத்தட்ட முழுவதும் யார்க்‌ஷயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓடுகிறது.

தூரமும் அப்படித்தான். வெஸ்ட் ரைடிங் கவுன்டி கவுன்சிலின் தலைமையகம் வேக்ஃபீல்ட். நேர்கோட்டிலேயே 60 மைல், சாலையில் இன்னும் கூட. கெண்டல் பத்து மைல்தான். சாமான் வாங்க, பல்லைப் பிடுங்க, சினிமா பார்க்க எல்லாவற்றுக்கும் நானே கெண்டல்தான் போனேன். ஒன்றரை வருடத்தில் வேக்ஃபீல்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

அதே 1974 ஏப்ரல் 1 அன்று தண்ணீர், சாக்கடை வேலைகளையும் உள்ளாட்சிகளிடமிருந்து வாங்கி வட்டார நீர் ஆணையங்களிடம் கொடுத்தார்கள். அந்த ஆணையங்களின் எல்லையைப் போட்டது ஆற்று வடிநிலத்தை வைத்து. செட்பர் வடமேற்கு ஆணையத்துக்குப் போனது. அதற்கு யாரும் சண்டை போட்டதாகக் கேள்விப்படவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் எவரும் யார்க்‌ஷயர் பெருமை பேச முடியாதே.

ஆகவே 'சுத்த அநியாயம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அரை அநியாயம்.

20 அக்டோபர், மாலை

அரை என்று ஏன் இழுக்கிறேன் என்றால், சவுத் லேக்லண்ட் என்ற அந்தப் பெயர்தான். எட்டு உள்ளாட்சிகளைக் கொட்டிக் கிளறிய பாயசம் அது. வெஸ்ட்மர்லண்ட் என்ற பழைய கவுன்டியிலிருந்து கெண்டல், விண்டர்மியர், லேக்ஸ், தெற்கு வெஸ்ட்மர்லண்ட். லங்கஷயரிலிருந்து கிரேஞ்ச், அல்வர்ஸ்டன், வடக்கு லான்ஸ்டேல். யார்க்‌ஷயரிலிருந்து நம் செட்பர். டென்டில் ஏரியே கிடையாது. ஏரி மாவட்டத்தின் (லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏரிப் பகுதியின்) தெற்கு என்று பெயர் வைத்தால் டென்ட்காரன் என்ன செய்வான்? எட்டில் ஏழுக்குக்கூட அந்தப் பெயர் ஓரளவு ஒட்டும், ஒன்றுக்குக் கொஞ்சமும் ஒட்டாது.

23 அக்டோபர்

கிரிக்கெட்டில் ஆரம்பித்த இழை என்பதால் ஒரு துணுக்கு. யார்க்‌ஷயர் கவுன்டி அணியில் அந்த மண்ணில் பிறந்தவர்தான் ஆடலாம் என்ற வழக்கம் 1990களின் தொடக்கம் வரை இருந்தது. 1992இல் முதல் வெளிநாட்டு ஆட்டக்காரராக உள்ளே போனவர் நம் சச்சின், வயது 19. இதில் வேடிக்கை, அந்த அணியைப் பல வருடம் கட்டியாண்ட கேப்டன் லார்ட் ஹாக் பிறந்தது லிங்கன்ஷயரில். எல்லை என்பது எப்போதுமே அடுத்தவருக்குத்தான்.

2 நவம்பர்

கவ்கில் தேவாலயம். கொஞ்சம் நீளும்.

டென்டில் 1785இல் பிறந்தவர் ஆடம் செட்ஜ்விக். அந்த ஊர்ப் பாதிரியாரின் மகன். 1818இல் கேம்பிரிட்ஜில் நிலவியல் (ஜியாலஜி) பேராசிரியர் ஆனார். பாறைகளின் காலவரிசையில் 'கேம்பிரியன்' என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் அவர் வைத்தது. 1831இல் சார்ல்ஸ் டார்வின் என்ற இளைஞனை வேல்ஸுக்குக் கூட்டிப்போய்ப் பாறை பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இத்தனைக்கும் ஊரை மறக்காத மனிதர். கவ்கில்லில் ஒரு சிறு தேவாலயம் கட்ட 1837இல் அடிக்கல் வைத்ததும் அவரே.

முப்பது வருடம் கழித்து அந்தத் தேவாலயத்துக்குத் தனி எல்லை வகுத்தபோது, காகிதத்தில் அதன் பெயரைக் கவ்கில் என்று எழுதாமல் கிர்க்த்வெய்ட் என்று எழுதிவிட்டார்கள். செட்ஜ்விக்குக்கு இரண்டு கோபம். ஒன்று, ஊரார் சொல்லும் பெயர் கவ்கில். இரண்டு, மாற்றிய பெயராவது சரியா என்றால் அதுவும் இல்லை. உள்ளூரில் அது கிர்த்வெய்ட், நடுவில் 'க்' கிடையாது. 83 வயதுக் கிழவர், 1868இல் உட்கார்ந்து ஒரு பிரசுரமே எழுதினார். பெயர் தகராறில் ஆரம்பித்து, டென்ட் பள்ளத்தாக்கின் பேச்சு, பழக்கவழக்கம், பின்னல் வேலை என்று தனக்கு நினைவிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். இந்த இழை மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விக்டோரியா மகாராணியின் கண்ணில் பட்டது. ஆல்பர்ட் இளவரசர் கேம்பிரிட்ஜ் வேந்தராக இருந்தபோது அவருக்குச் செயலராக இருந்தவர் செட்ஜ்விக், அதனால் அரண்மனைக்குத் தெரிந்த முகம். 1869இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே போட்டுக் கவ்கில் என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாலைந்து வீடு, ஒரு தேவாலயம், ஒரு 'க்'. அதற்கு ஒரு சட்டம். 105 வருடம் கழித்து மூன்று பள்ளத்தாக்கும் மொத்தமாகக் கவுன்டி மாறியபோது டென்டில் செட்ஜ்விக் இல்லை. இருந்திருந்தால் எத்தனை பக்கம் எழுதியிருப்பார் என்று அந்த ஊரில் அவர் நினைவாக வைத்திருக்கும் பெரிய கிரானைட் கல்லைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

3 நவம்பர்

பின்னல் வேலை என்றேன், உடனே விளக்கம் கேட்டுவிட்டீர்கள். டென்ட்காரர்கள் நடந்துகொண்டே, ஆடு ஓட்டிக்கொண்டே காலுறை பின்னுவார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும். 'டென்டின் டெரிபிள் பின்னல்காரர்கள்' என்று பெயர். டெரிபிள் என்றால் அங்கே மோசம் இல்லை, 'பயங்கரமா பின்னுவான்' என்று நாம் மெச்சுவோமே, அந்தப் பயங்கரம்.

9 நவம்பர்

இத்தனை எழுதிய பிறகு ஒன்று உறைத்தது. எல்லோரும் யார்க்‌ஷயர் போச்சே என்று பேசுகிறோம், நானும்தான். ரூரல் டிஸ்ட்ரிக்ட் போச்சே என்று யாராவது பேசினோமா? இழையின் தலைப்பைப் பாருங்கள், அதிலேயே அது இல்லை.

அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏழைகளிடமிருந்து. 1840இல் செட்பர், டென்ட், கார்ஸ்டேல் மூன்றையும் சேர்த்து ஏழைகள் நிவாரண யூனியன் ஒன்றை அமைத்தார்கள். வேலை இல்லாதவர், வயதானவர், அநாதைகளை அடைக்கும் வொர்க்ஹவுஸ் அதன் கையில். பின்னால் கழிவுநீர், காலரா என்று சுகாதாரக் கவலை வந்தபோது அதே எல்லையைச் சுகாதார வட்டாரமாக்கினார்கள். 1894 சட்டம் அதையே எடுத்து ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஆக்கியது. அதன் கவுன்சிலர்களே ஏழைகளின் காப்பாளர்களும். அந்தச் சட்டத்தில்தான் கல்யாணமான பெண்களும் இந்தச் சின்னக் கவுன்சில்களுக்கு ஓட்டுப் போடலாம், நிற்கலாம் என்று வந்தது. பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்கள் இன்னும் 24 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. குப்பைக்கும் சாக்கடைக்கும் பெண்கள் ஓட்டு ஆகலாம், போருக்கும் வரிக்கும் ஆகாது என்ற கணக்கு போலிருக்கிறது.

சாதாரண ரோடுகளும் 1930 வரை அதன் பொறுப்பு. பிறகு கவுன்டி எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் கவுன்டியுடையது. அதில் வெஸ்ட் ரைடிங் பெருமைப்பட்டுக்கொள்ள நியாயம் உண்டு. 1945 முதல் 1974 வரை கல்வி அதிகாரியாக இருந்த அலெக் கிளெக் இங்கிலாந்து முழுக்கப் பேசப்பட்டவர். டிஸ்ட்ரிக்டுக்கு மிஞ்சியது கவுன்சில் வீடு, குடிதண்ணீர், சாக்கடை, குப்பை. யாரும் கொடி பிடிக்காத வேலைகள்.

என் பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். குளிர்காலத்தில் அவருக்குக் கரி எடுத்து வைப்பேன், பதிலுக்கு இஞ்சி கேக் வரும். பிறந்தது டென்ட் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஒரு பண்ணையில். கல்யாணமான பிறகு செட்பரில் கவுன்சில் வீடு கிடைத்ததாம். "முதல் நாள் ராத்திரி நான் என்ன செய்தேன் தெரியுமா? கழிப்பறைச் சங்கிலியை நாலு தடவை சும்மாவே இழுத்தேன்" என்றார். வாடகைக்குப் புத்தகத்தோடு ஒருவர் வருவார், கூரை ஒழுகினால் அவரிடமே சொல்லலாம், அடுத்த வாரம் ஏணியோடு ஆள் வரும். 1974க்குப் பிறகு? "கெண்டலுக்குக் கடிதம் போட வேண்டும்." இதில் யார்க்‌ஷயர் என்ற சொல்லே வரவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

10 நவம்பர்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, சின்ன கவுன்சில் என்றால் தங்கம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். அப்படியில்லை. ஏணியோடு ஆள் வந்த கதையை மட்டும் பாட்டி சொன்னார், வராத கதைகளைச் சொல்லியிருக்க மாட்டார். சில ஆயிரம் பேரின் வரிப்பணத்தில் பள்ளத்தாக்கின் மூலை வரை குழாய் போடுவது லேசான காரியமா? கவுன்சிலர் மச்சானாக இருந்தால் வீடு சீக்கிரம் கிடைக்கும் என்பதும் எந்த நாட்டிலும் உள்ளதுதான்.

24 நவம்பர்

முகவரிக் கொடுமையைச் சொல்ல மறந்தேனே. ஒரு கூரியர் நிறுவனம், பெயர் வேண்டாம், என் பிரஷர் குக்கரை எல்ஏ போஸ்ட்கோடைப் பார்த்து லங்காஸ்டரில் ஒன்பது நாள் வைத்திருந்தது. போனில் பேசிய பெண் "கவுன்டி என்ன?" என்றார். கம்ப்ரியா என்றேன். "இங்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் என்று காட்டுகிறதே." அது பூங்கா என்றேன். "சார், நீங்கள் பூங்காவில் குடியிருக்கிறீர்களா?"

ஆமாம் அம்மா, மரத்தடியில்.

7 டிசம்பர்

"இப்போதாவது தீர்ந்ததா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. 2023 ஏப்ரல் 1 அன்று (மறுபடியும் அதே தேதி!) கம்ப்ரியா கவுன்டி கவுன்சிலையும் அதன் கீழிருந்த ஆறு டிஸ்ட்ரிக்டுகளையும் கலைத்துவிட்டார்கள். சவுத் லேக்லண்டின் கதை 49 வருடத்தில் முடிந்தது. செட்பர் ரூரல் டிஸ்ட்ரிக்ட் 80 வருடம் இருந்தது, அந்த வகையில் சின்னவன்தான் ஜெயித்தான். இப்போது சவுத் லேக்லண்ட், ஈடன், பாரோ மூன்றும் சேர்ந்து 'வெஸ்ட்மர்லண்ட் அண்ட் ஃபர்னெஸ்'. செட்பர் ஒருநாளும் வெஸ்ட்மர்லண்ட் இல்லை. ஊருக்கு மேற்கே லூன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் பழைய வெஸ்ட்மர்லண்ட். ஃபர்னெஸ்ஸோ பழைய லங்கஷயர். இரண்டு பெயர் வைத்தும் இரண்டிலும் செட்பர் இல்லை. தனிக் கவுன்சில் இல்லாத, பெயரளவிலான சடங்கு முறைக் கவுன்டியாகக் கம்ப்ரியா இன்னும் இருக்கிறது, அதனால் செட்பர் கம்ப்ரியாவில் என்று உங்களைத் திருத்தியவர் சொன்னது இன்றும் செல்லும்.

இன்னொரு பக்கம் பூங்கா. ஹௌகில் மலைகளின் மேல் பழைய கவுன்டி எல்லை ஓடியதால் 1954இல் மலைத்தொடரின் தெற்குப் பாதி மட்டும் பூங்காவுக்குள் வந்தது. ஒரே மலையின் ஒரு சரிவு பாதுகாக்கப்பட்டது, அடுத்த சரிவு இல்லை. 2016இல் அதைச் சரிசெய்து பூங்காவைக் கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாக்கினார்கள். அன்று தேதி ஆகஸ்ட் 1, யார்க்‌ஷயர் தினம். எந்தக் காலத்திலும் யார்க்‌ஷயராக இல்லாத வெஸ்ட்மர்லண்ட் கிராமங்கள் காலையில் எழுந்தபோது யார்க்‌ஷயர் டேல்ஸில் இருந்தன. இந்தத் தடவை முணுமுணுத்தது அவர்கள்.

8 டிசம்பர்

மலை என்றதும் ஒன்று. ஹௌகில் மலைகளில் சுவரே இருக்காது, வழவழவென்று யானைகள் படுத்திருப்பது போலிருக்கும். கார்ஸ்டேல், டென்ட் பக்கம் திரும்பினால் சுண்ணாம்புக்கல், படிப்படியான சரிவு, சுவருக்கு மேல் சுவர். காரணம் டென்ட் பிளவு, நிலத்தடியில் பாறைகள் முறிந்து விலகிய கோடு. மேற்கே ஏரி மாவட்டத்துச் சாதிப் பாறை, கிழக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் பாறை. அந்தப் பிளவைக் கண்டு விளக்கியவர் யார்? நம் செட்ஜ்விக்தான். கார்ஸ்டேலில் கிளஃப் ஆற்றங்கரையில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் பிளவின் இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம்.

ஆக, பாறையைக் கேட்டால் இரண்டும் என்கிறது. ஆற்றைக் கேட்டால் மேற்கு என்கிறது. பாறையிடம் கேட்டிருக்கவே கூடாது.

16 பிப்ரவரி 2025

போன வாரம் கிளாஸ்கோ போகும் வழியில் எம்6 நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஊருக்குள் போனேன். இந்த இழைதான் இழுத்தது. 2001இல் கால்நடைக் கோமாரி வந்து ஊரே நொடித்துப்போனபோது புத்தக ஊராக மாற ஆரம்பித்தது. பழைய புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு கடையில் ரூரல் டிஸ்ட்ரிக்ட் காலத்து உள்ளாட்சிப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். யார்க்‌ஷயர் பற்றி ஒரு அலமாரி, ஏரி மாவட்டம் பற்றி ஒரு அலமாரி. இரண்டிலும் தேடச் சொன்னார்கள். ரயில் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாட்டி காலமாகி ஏழு வருடமாம். அவர் வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி. வாசலில் குப்பைத் தொட்டி நின்றது. மூடியில் சவுத் லேக்லண்டின் பெயர் பாதி உரிந்து கிடந்தது, பக்கவாட்டில் புது கவுன்சிலின் காலண்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். எந்த வாரம் எந்தத் தொட்டி என்று. அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, "இந்த வாரம் எடுக்கவே இல்லை, யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

கெண்டலுக்குப் போன் போடுங்கள் என்றேன்.